வான்கோழிக்கு வாங்குன வில்

தோள்ல என்னனு ஏன் கேக்கீங்க? இல்ல, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பையை மேல தூக்க முடியாம நின்னேன், நீங்க வாங்கி வச்சீங்க, சந்தோசம். ஆனா பஸ் இன்னும் கோவில்பட்டியைத் தாண்டலை, அதுக்குள்ள தோள்ல என்ன அடின்னு கேக்கீங்க. யாரும் சொல்லி விட்டாங்களா? எங்க கடைத்தெருவுல நாலு பேரு கூடுனா இப்ப என் பேச்சுதான், அதான் கேட்டேன். மதுரைக்கா போறீங்க? நம்ம ஊர்ல யாரையும் பழக்கம் இல்லைல்ல? அப்ப சரி, சொல்லுதேன். நானும் மதுரைக்குத்தான், எலும்பு டாக்டரைப் பாக்க.

வில்லை இழுத்து இப்படி ஆயிருச்சு. ஆமா, வில்லுதான். அம்பு விடுற வில்லு. அமெரிக்காவுல காட்டு வான்கோழி அடிக்கப் போனேன். சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க, எனக்கே அப்படித்தான் இருக்கு. நாப்பது வருசமா பாத்திரக்கடை வச்சிருக்கவன் நான், உளி, சுத்தியல் தவிர ஒரு ஆயுதம் தொட்டதில்லை.

எம் மக கற்பகவள்ளி அங்க மிசௌரிங்கிற பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்கிற வேலை பாக்கா. கூட வேலை பாக்குற நேதன்னு ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கிடப் போறேன்னு சொன்னா. கேக்கலை, சொன்னா. நான் சத்தம் போட்டேன், ரெண்டு மாசம் போனை எடுக்கலை. அப்புறம் எம் வீட்டுக்காரி ராஜகனி சாப்பிடாமக் கிடக்க ஆரம்பிச்சா. அவ வாய் திறந்து ஒண்ணும் கேக்க மாட்டா, தட்டைத் தள்ளி வச்சுட்டுப் போயிருவா. சரி, போய்ப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டு வருவோம்னு மார்ச் மாசம் ரெண்டு பேரும் ப்ளேன் ஏறுனோம். கல்யாணம் மே மாசக் கடைசியிலனு வச்சிருந்தாங்க.

பையனைப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கான். தட்டைக் கழுவி வைக்கான், ராஜகனிக்குக் கதவைத் திறந்து விடுதான், என்னைப் பாத்தா எந்திரிச்சு நிக்கான். அதுதான் எனக்கு இடிச்சுது. ஒரு குறைகூடக் கண்ணுல படலைன்னா மறைச்சு வச்சிருக்காங்கன்னுதான அர்த்தம்? நம்ம ஊர்ல சம்பந்தம் பேசும்போது என்ன செய்வோம், விசாரிப்போம். பையன் தெருவுல டீக்கடையில ஒரு டீ, முடிவெட்டுற கடையில ஒரு சவரம், மருந்துக்கடையில ஒரு தலைவலி மாத்திரை. அம்புட்டுதான், அந்த வீட்டுச் சங்கதி மொத்தமும் கைக்கு வந்துரும். எங்க அக்கா மகளுக்கு வந்த வரனை நான் பாதி சவரத்துலயே வேண்டாம்னு முடிவு பண்ணி எந்திரிச்சு வந்தவன். அங்க போயி யாருகிட்ட விசாரிக்க? சம்பந்தி வீட்டைச் சுத்தி மூணு மைலுக்குப் புல்லும் மாடும்தான்.

சம்பந்தி பேரு ரஸ்ஸல். நேதனோட அப்பா. அறுபத்தி மூணு வயசு, பனைமரம் மாதிரி ஆளு, தனியா இருக்காரு. சம்சாரம் எங்கேன்னு மகளைக் கேட்டேன். அவங்க பிரிஞ்சு ரொம்ப வருசமாச்சுப்பான்னா. ஏன் பிரிஞ்சாங்கன்னு கேட்டேன். அதை அவரே உங்ககிட்டச் சொல்லுவாருப்பான்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம ஒரு பொம்பளைப்பிள்ளை எந்திரிச்சுப் போகுதுன்னா அங்க என்னமோ இருக்கு சார். அன்னையிலருந்து நான் சரியாத் தூங்கலை.

அந்த ரஸ்ஸல் ஒரு நாளு வந்து ராஜகனி சுட்ட பணியாரத்தை ஒம்பது தின்னுட்டு விசயத்தை ஆரம்பிச்சாரு. எனக்கு இங்கிலீஷ் காதுல ஏறும், வாயில வராது. மெதுவாப் பேசுனா முழுக்கப் புரியும். ஏப்ரல்ல அங்க காட்டு வான்கோழி சீசனாம், சேவலை மட்டும் அடிக்கலாமாம். கல்யாணத்துக்கு முந்தின நாளு ரெண்டு குடும்பமும் உக்காந்து சாப்பிடுறது அவங்க வழக்கமாம். அந்தச் சாப்பாட்டுக்கு வான்கோழியை நான் அடிக்கணுமாம். பொண்ணைப் பெத்தவரு கொண்டு வந்ததுனு எல்லாருக்கும் பரிமாறணுமாம். வெளிநாட்டு ஆளுங்கிறதால துப்பாக்கி வேண்டாம், வில்லு போதும், கூட லைசன்சு உள்ள ஆளா நான் இருப்பேன்னாரு.

நீங்களே சொல்லுங்க. இருவத்தஞ்சு வருசமா வேட்டைக்குப் போற ஆளு அவரு. அவரே அடிச்சுட்டு வந்துரலாம்ல? என்னை எதுக்கு இழுக்கணும்? நான் தவறவிட்டா நூறு பேரு முன்னால, பொண்ணு வீட்டுக்காரனுக்கு ஒரு கோழி அடிக்கத் தெரியலைனு சிரிக்கிறதுக்குத்தான. ராஜகனிகிட்டச் சொன்னேன். மரியாதைக்குத்தான கூப்பிடுதாருன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

வில்லு வாங்கப் பக்கத்து டவுனுக்குக் கூட்டிட்டுப் போனாரு. லாயிட்னு ஒரு கிழவரு கடை. சுவர் பூரா வில்லு. நம்ம கோயில் சிலையில பாக்குற வில்லு இல்ல சார், ரெண்டு முனையிலயும் கப்பி வச்சு, கிணத்துக் கயிறு மாதிரிக் குறுக்க மறுக்கக் கம்பி ஓடுது. அந்த லாயிட் என்னைக் கண்டதும் வில்லை எடுக்கலை. ரெண்டு கையையும் விரிச்சு நில்லுன்னாரு. நின்னேன். விரல் நுனியிலருந்து விரல் நுனி வரை டேப் போட்டு அளந்து ஒரு சீட்டுல எழுதுனாரு. அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நடுவுல ஓட்டை மாதிரி வச்சு, அது வழியாச் சுவத்துல இருக்க கடிகாரத்தைப் பாருன்னாரு. பாத்தேன். ஒரு கண்ணை மூடுன்னாரு, அடுத்த கண்ணை மூடுன்னாரு. மறுபடியும் எழுதுனாரு. அப்புறம் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு, உக்காந்துக்கிட்டே இந்த வில்லை இழு பாப்போம்னாரு.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இவங்க விசாரிக்காங்க. நாம டீக்கடையில விசாரிக்கோம், இவங்க வில்லுக்கடையில விசாரிக்காங்க. பொண்ணோட அப்பனுக்குக் கண்ணு நல்லாருக்கா, கை நடுங்குதா, இடுப்புல பலம் இருக்கா, இந்த வம்சத்துல பொண்ணெடுக்கலாமானு ஆளைச் சோதிச்சுப் பாக்காங்க. ரஸ்ஸல் ஒரு ஓரமா நின்னு ஒண்ணும் தெரியாத மாதிரித் தொப்பி விலையைப் பாத்துட்டு இருக்காரு. நான் ஸ்டூல்ல உக்கார மாட்டேன்னுட்டேன். நாப்பது வருசமா கல்லாவுல உக்காந்தே இருக்கவன்யா நானு, நான் உக்காருறதையும் பரீட்சை வைக்கணுமா?

அப்புறம் அந்த லாயிட் ஒண்ணு சொன்னாரு பாருங்க. எனக்கு வலது கைப்பழக்கம்தான், ஆனா குறி பாக்குறதுல இடது கண்ணுதான் ஓங்கின கண்ணாம். அதனால இடது கைக்காரங்க வில்லு எடுத்தாத்தான் குறி நிக்குமாம். நாணை இடது கையால இழுக்கணுமாம். எனக்குச் சுருக்குனு வந்துச்சு. மக கல்யாண விருந்துக்கு ஒரு காரியம் பண்ணப் போறேன், அதை இடது கையால தொடங்குன்னு ஒருத்தன் சொல்லுதான்னா அது வேணும்னே சொல்றதுதான? ஒரு ரூவாச் சில்லறைகூட இடது கையால கொடுத்ததில்லை நான். முடியாது, வலது கை வில்லுதான்னு தலையை ஆட்டுனேன்.

அதோட நிக்கலை. நாணை இழுக்க நாப்பத்தஞ்சு பவுண்டு பலம் வேண்டிய வில்லு போதும், குட்டையான வில்லு போதும்னு ஒரு பழைய வில்லை எடுத்து நீட்டுனாரு. கூடாரத்துக்குள்ள உக்காந்து அடிக்கிறது, பறவை பத்துப் பன்னெண்டு அடி தூரத்துல வரும், சத்தமில்லாம மெதுவா இழுக்க முடியுறதுதான் முக்கியம், வான்கோழிக்கு மூக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கண்ணு பொல்லாதது, லேசா அசைஞ்சாலும் ஓடிரும்னாரு. அம்புக்கும் அகலமா விரியுற முனை ஒண்ணைக் காட்டுனாரு, பறவை பூரா இறகுதான், உசிரு இருக்க இடம் ஒரு ஆரஞ்சுப் பழம் அளவுதான், அகலமா வெட்டுனாத்தான் விழும்னு. பின்னால பெரிய வில்லெல்லாம் பளபளனு தொங்குது. அதைக் காட்டலை. சார், நான் கடைக்காரன். வந்தவன் கையில விலை கூடுனதைத் திணிக்கிறவன்தான் கடைக்காரன். இது போதும், அதெல்லாம் உனக்கு வேண்டாம்னு ஒரு கடைக்காரன் சொன்னா ஒண்ணு அது பழுது, இல்லைன்னா வாங்க வந்தவனைப் பத்தி அவன் மட்டமா நினைக்கான். வேற காரணமே கிடையாது. நான் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்லை.

அறுவது பவுண்டு வில்லைக் காட்டி அதைக் கொடுன்னேன். நின்னுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு, வானத்தைப் பாத்துத் தூக்கி ஒரே இழுப்பா இழுத்துக் காட்டுனேன். தோள்ல என்னமோ களுக்குன்னுச்சு, காட்டிக்கிடலை. மான் அடிக்கிற ஒடுங்கலான முனையை எடுத்தேன், பாக்க அதுதான் கொடூரமா இருந்துச்சு. ரஸ்ஸல் நான் வாங்கித் தாரேன்னாரு, விடலை, நானே வாங்குனேன். லாயிட் ரஸ்ஸலைப் பாத்தாரு, ரஸ்ஸல் லாயிட்டைப் பாத்தாரு. அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா.

ரஸ்ஸல் வில்லைக் கொண்டு வண்டியில வைக்கப் போன நேரம். அவங்க விசாரிச்சாங்கல்ல, நானும் விசாரிச்சுட்டேன். இத்தனை மைலுக்குள்ள எனக்குக் கிடைச்ச ஒரே கடை அது. தெரிஞ்ச நாலு வார்த்தையைச் சேத்துக் கேட்டேன். ரஸ்ஸல் நல்ல மனுசனா, குடிப்பாரா, கோவக்காரரா, பெண்டாட்டி ஏன் போச்சு. லாயிட் டேப்பைச் சுருட்டி வச்சாரு. அப்புறம், அதை நீங்க ரஸ்ஸல்கிட்டயே கேளுங்கன்னாரு. நம்ம ஊரு சவரக்கடையில ஒருத்தன் அப்படிச் சொன்னா அதுக்குமேல ஒரு விசாரணையும் தேவையில்லை, செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிர வேண்டியதுதான்.

ரஸ்ஸல் வீட்டுப் பின்னால வைக்கோல் கட்டுல தாளை ஒட்டி ஒம்பது நாளு பழகுனேன். விட்ட அம்பு பூரா இடது பக்கமாவே போகுது. நேதன் ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டு வருவான், ஒரு கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுப் பாருங்கம்பான். எனக்கு என்ன தோணுச்சுன்னா, குறி பாக்குற முள்ளை இவன்தான் திருகி வச்சிருக்கானோன்னு. அவன் இல்லாத நேரம் பாத்து நான் அதை வேற பக்கம் திருகுனேன். அப்புறம் அம்பு எங்க போச்சுன்னே தெரியலை, மாடு மேயுற பக்கம் போயி எடுத்துட்டு வந்தான். தோள் வீங்கிருச்சு. ராஜகனி தைலம் தேச்சு விடுவா, போகாதீங்களேம்பா. நான் போகலைன்னா பயந்துட்டேம்பாங்கள்ல, அதான் போனேன்.

அன்னைக்கு விடியக்காலம் ரஸ்ஸல் வந்து எனக்கு ஒரு சட்டையைக் கொடுத்தாரு. கறுப்புச் சட்டை. கூடாரத்துக்குள்ள இருட்டா இருக்கும், கறுப்புப் போட்டாப் பறவை கண்ணுக்கு ஆளு தெரியாதுன்னு விளக்கம் சொன்னாரு. கல்யாணத்துக்கு நாள் எண்ணிட்டு இருக்கப்ப பொண்ணோட அப்பனுக்குக் கறுப்பு. ராஜகனி முகம் செத்துப் போச்சு. அவரும் கறுப்புதான் போட்டிருந்தாரு, அதனால வாயை மூடிக்கிட்டு மாட்டிக்கிட்டேன்.

கூடாரம் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போடுற அளவுதான். முன்னால பன்னெண்டு அடி தள்ளி ஒரு பொம்மைப் பெட்டை வான்கோழியை நட்டு வச்சிருந்தாரு. மரப்பெட்டி ஒண்ணை உரசுனாரு, அச்சு அசல் பெட்டை கூப்பிடுற சத்தம். ஒரு மணி நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் காட்டுக்குள்ளருந்து ஒரு கொக்கரிப்பு வந்துச்சு பாருங்க, வில்லை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். வெயில் ஏறுனப்புறம் ரெண்டு சேவல் வந்துச்சு. நெஞ்சுல தாடி தொங்குது, ஒண்ணு வாலை விரிச்சுக்கிட்டுத் தேர் மாதிரி அசைஞ்சு வருது. அழகுன்னா அப்படி ஒரு அழகு. நேரா பொம்மைகிட்ட வந்து நிக்குது. ரஸ்ஸல் எம் முழங்காலைத் தொட்டாரு. அடிங்கன்னு அர்த்தம்.

உக்காந்துக்கிட்டு இழுக்குதேன், நாண் வர மாட்டேங்குது. தோள்ல பச்சை வலி. மறுபடியும் இழுக்குதேன், பாதி வருது, திரும்பப் போயிருது. கடையில பண்ணுன மாதிரித் தூக்கி இழுப்போம்னு வில்லைத் தூக்குனேன், மேல் முனை கூடாரத் துணியில இடிச்சுது. சேவல் கழுத்தை நீட்டிருச்சு. அந்தப் பதட்டத்துல இழுத்து விட்டேன். அம்பு போயிப் பொம்மைப் பெட்டை முதுகுல குத்தி நின்னுச்சு. சேவல் ரெண்டும் எங்க போச்சுன்னு கண்ணு தேடுறதுக்குள்ள காடு அமைதியாயிருச்சு.

சிரிப்பாருனு நினைச்சேன். சிரிக்கலை. வெளிய போயிப் பொம்மையைக் கொண்டாந்து, அம்பை உருவி, துடைச்சு என் பக்கத்துல வச்சாரு. ப்ளாஸ்க்லருந்து காப்பி ஊத்திக் கொடுத்தாரு. அப்புறம் மெதுவா, எனக்குப் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொன்னாரு, நீங்க என்னைப் பத்திக் கேட்டீங்கன்னு லாயிட் சொன்னான், அது கேக்க வேண்டியதுதான், உங்க இடத்துல நான் இருந்தாலும் கேப்பேன்னு. நான் காப்பியைக் கீழ வச்சேன்.

அவரே சொன்னாரு. குடிச்சேன், பத்து வருசம் விடாமக் குடிச்சேன். கோவக்காரன்தான். ஒரு நாளு சாப்பாட்டு மேசையில என்னமோ பேச்சு முத்தி எம் பெண்டாட்டியை அடிச்சேன். முகத்துல. நேதனுக்குப் பத்து வயசு, நடுவுல வந்து நின்னான். மறுநாள் அந்தம்மா பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் நான் குடிக்கலை, ஆனா ஆறு வருசம் அவன் என்னைப் பாக்க வரலை. ஒரு தடவைதான் அடிச்சேன், அது போதும்னு சொன்னாரு. சொல்லும்போது அவரு என் முகத்தைப் பாக்கலை, அந்தப் பொம்மை முதுகுல இருந்த ஓட்டையைப் பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் நிமிந்து எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"உங்க பக்கத்துல நான் தெரிஞ்சுக்கிட வேண்டியது ஏதாவது இருக்கா?"

நான் 'நத்திங்'னேன்.

என்ன இருக்கு சொல்றதுக்கு? குடி கிடையாது, சீட்டு கிடையாது, கடையை விட்டா வீடு. ராஜகனியைக் கை நீட்டுனது உண்டு. அது எல்லா வீட்லயும் உள்ளதுதான. வியாபாரம் பண்ணுறவனுக்கு ஆயிரம் டென்சன், வீட்டுக்கு வந்தா சோத்துல கல்லு கிடக்கும், கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிப்பா. ரெண்டு வச்சா அடுத்த நாளு சரியாப் போயிரும். அதை ஒரு வெள்ளைக்காரன்கிட்டக் கூடாரத்துல உக்காந்து யாராவது சொல்லுவாங்களா? நீங்க ஏன் ஜன்னலைப் பாக்கீங்க? சாத்தூர் வந்துருச்சா? சரி, வெள்ளரிக்காய் விக்கிறவன் வந்தா ஒண்ணு வாங்குங்க.

ஆனா எனக்கு வேண்டியது கிடைச்சுப் போச்சு. நான் சந்தேகப்பட்டது சரின்னு அவரு வாயாலயே வந்துருச்சுல்ல. மத்தியானம் மக வீட்டுக்கு வந்ததும் வராததுமா ராஜகனி தைலத்தோட வந்தா, சட்டையைக் கழட்டிட்டு உக்காந்தேன். கற்பகம் சோறு எடுத்து வச்சுட்டு இருந்தா. சொல்லிட்டேன்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்மா. பெண்டாட்டியை அடிச்சவன் வீடு அது. அந்த வீட்டுக்கு எம் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்."

நல்ல வார்த்தைதான சார்? ஒரு தகப்பன் சொல்ல வேண்டிய வார்த்தைதான? அவ கரண்டியைக் கீழ வச்சா. கோவப்படுவானு நினைச்சேன், இல்ல, ரொம்பச் சாந்தமாப் பேசுனா. அதுதான் எனக்குத் தாங்கலை.

"நேதன் இதை முதல்லயே எங்கிட்டச் சொல்லிட்டான்ப்பா. சொல்லி அழுதான். எங்க வீட்லயும் அப்படித்தான்னு நானும் சொன்னேன். அவன் எத்தனை தடவைன்னு கேட்டான். எனக்குக் கணக்குத் தெரியலைப்பா."

அப்ப பாருங்க, அந்த ரஸ்ஸலுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. பையன் அப்பன்கிட்டச் சொல்லாம இருப்பானா? தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்டக் கேட்டிருக்காரு. கூடாரத்துல உக்கார வச்சு, தன்னோட அசிங்கத்தையெல்லாம் கொட்டி, என் வாயைப் பிடுங்கப் பாத்திருக்காரு. என்ன கள்ளத்தனம். நான் நத்திங்னு சொன்னப்ப தலையை மட்டும் ஆட்டுனாரு சார். எல்லாம் தெரிஞ்ச மனுசன் ஒண்ணுமே சொல்லாமத் தலையை ஆட்டுனாரு.

நான் ராஜகனியைப் பாத்தேன். நீ சொல்லு, பிள்ளை என்ன பேசுதுன்னு பாருன்னேன். அவ எம் பக்கம் பேசுவானுதான் நினைச்சேன். அவ கை என் தோள்ல இருந்துச்சு. எடுத்தா. தைலப் பாட்டிலை மெதுவா மூடுனா. "கல்யாணம் நடக்கட்டும்"னா. அவ்வளவுதான். முப்பத்திநாலு வருசத்துல நான் இருக்கப்ப அவ ஒரு முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் நடந்துச்சு. நான் இருந்தேன், கோட்டெல்லாம் போட்டு நின்னேன், போட்டோவுல இருக்கேன். முந்தின நாள் விருந்துக்கு வான்கோழி ரஸ்ஸல்தான் அடிச்சாரு. அடிச்சு, சமைச்சு, என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சு, நாங்க ரெண்டு பேரும் சேந்து போயிக் கொண்டு வந்ததுனு எல்லாருகிட்டயும் சொன்னாரு. அப்படி எதுக்குச் சொல்லணும்? அதுல என்ன லாபம் அவருக்கு? எத்தனையோ விதமா யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடலை.

வரும்போது ராஜகனி வரலை. விசாவை நீட்டிச்சிருக்காங்க, மக கூட இருக்கா, அதான் காரணம். கடைத்தெருவுல எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன். போன் பண்ணுனா எடுப்பா. சாப்பிட்டீங்களா, தோள் எப்படி இருக்கும்பா. எப்ப வாரன்னு கேட்டா, பாப்போம்பா. வீடு வெறிச்சுனு கிடக்கு சார். காலையில கடைக்குக் கிளம்பும்போது வாரேன்னு வாய் தன்னால சொல்லிருது, சொல்லிட்டு நிக்கேன். எனக்கு அவ வேணும் சார். அதைக்கூட இன்னும் அவகிட்டச் சொல்லலை.

இதுல ஒண்ணு கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஆனா அந்த ரஸ்ஸல் போன் பண்ணுதாரு. கல்யாணம் முடிஞ்சுருச்சு, எங்கிட்ட அவருக்கு ஆக வேண்டியது ஒண்ணுமில்ல. முதல்ல ராஜகனி சொல்லிப் பண்ணுதாருன்னு நினைச்சேன். மகளைக் கேட்டேன், அம்மாவுக்கே தெரியாதுங்கா. எப்படி இருக்கீங்கன்னு கேப்பாரு, குட்னு சொல்லுவேன். அப்புறம் அவரும் பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன். வைக்கவும் மாட்டாரு. அங்கிட்டு மூச்சு விடுறது கேட்டுட்டே இருக்கும். அன்னைக்குக் கேட்டாரே ஒரு கேள்வி, அதுக்குத்தான் இன்னும் காத்துக்கிட்டு இருக்காருன்னு எனக்குத் தெரியுது. போன வாரம் பத்து நிமிசம் அப்படி இருந்தோம். எனக்கும் வைக்க மனசு வரலை.

திருமங்கலம் தாண்டிட்டோமா? இறங்குறதுக்குள்ள ஒரு உதவி பண்ணுங்க சார். நீங்க இங்கிலீஷ் பேசுவீங்கல்ல? நானும் அடிச்சிருக்கேன்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லணும்? இல்ல, இருங்க, ஒரு தடவைங்கிற மாதிரி வந்துரக் கூடாது. ஒரு தடவை அடிச்சது அவரு. நான் முப்பத்திநாலு வருசம். அது தெரியுற மாதிரிச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன்.